ஓடுகிற பங்கைத் துரத்தலாமா? வாங்குவதற்கு முன் போடவேண்டிய கணக்கு

ஒரு பங்கு மூன்று வாரத்தில் 18 சதவீதம் ஏறிவிட்டது. இன்னும் ஏறும் என்கிறார்கள். வாங்கலாமா? இதுவரை எவ்வளவு ஏறியது என்பதை வைத்து இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அங்கிருந்து 40 சதவீத ஏற்றத்துக்குப் போன பங்கும் உண்டு, ஒரே வாரத்தில் 5 சதவீதத்துக்குத் திரும்பிய பங்கும் உண்டு. பதில் சொல்லக்கூடிய கேள்விகள் இரண்டுதான். கணிப்பு தப்பினால் எந்த விலையில் வெளியேறுவீர்கள்? அந்த விலையில் உண்மையிலேயே உங்களை வெளியே விடுவார்களா? இரண்டுக்கும் எண்ணாக விடை கிடைத்தால் வாங்கலாமா வேண்டாமா என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

மும்பையில் மாட்டுங்காவிலோ முலுண்டிலோ இருந்துகொண்டு வேலைக்கும் போய், போனில் சந்தையும் பார்ப்பவர்களை மனதில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. பங்குச் சந்தைகள் இருக்கும் தலால் தெருவும் பாந்த்ரா குர்லா வளாகமும் பக்கத்தில் இருப்பதால் கூடுதல் லாபம் எதுவும் கிடையாது. அதிகமாகக் கிடைப்பது டிப்ஸ் மட்டுமே.

கணக்குக்குள் போகும் முன், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்ட இரண்டு எண்கள். 2022-23ல் பங்குச் சந்தையின் ரொக்கப் பிரிவில் இன்ட்ராடே (வாங்கிய அன்றே விற்பது) செய்த தனிநபர்களில் 10ல் 7 பேர் நஷ்டப்பட்டார்கள். 2021-22 முதல் 2023-24 வரை ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் (பங்கின் வருங்கால விலை மீதான ஒப்பந்தங்கள்) செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். அவர்கள் இழந்த தொகை மொத்தம் ₹1.8 லட்சம் கோடிக்கு மேல். அதனால் கீழே வரும் கணக்கு முழுக்க டெலிவரி எடுத்து, அதாவது அன்றே விற்காமல் பங்கைத் தன் கணக்கில் சேர்த்து, சில நாள் முதல் சில வாரம் வரை வைத்திருப்பவர்களுக்கானது.

முதல் வேலை: ஏற்றத்துக்குக் காரணம் என்ன?

இதை முந்தின நாள் ராத்திரி செய்யுங்கள். சந்தை திறந்திருக்கும்போது காரணம் தேடினால், வாங்குவதற்குச் சாதகமான காரணம் மட்டும்தான் கண்ணில் படும்.

என்.எஸ்.இ அல்லது பி.எஸ்.இ பங்குச் சந்தையின் தளத்தில் அந்த நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து, அறிவிப்புகளை ஒரு மாதம் பின்னோக்கிப் படியுங்கள். காலாண்டு முடிவு, பெரிய ஆர்டர், கடன் குறைப்பு போல நிறுவனத்தின் வருமானத்தையே மாற்றுகிற செய்தி இருந்தால் அந்த ஏற்றத்துக்கு அடித்தளம் இருக்கிறது. ஆர்டர் என்றால் தொகையை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. ₹600 கோடி ஆர்டரை ஐந்து வருடத்தில் முடிக்கவேண்டும் என்றால் வருடத்துக்கு ₹120 கோடி. வருட விற்பனையே ₹4,000 கோடி உள்ள நிறுவனத்துக்கு அது 3 சதவீதம். அதற்காகப் பங்கு 18 சதவீதம் ஏறியிருந்தால் விலையைத் தூக்கியது வேறு ஏதோ ஒன்று.

போனஸ் (இலவசப் பங்கு தருவது), ஸ்பிளிட் (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது) அறிவிப்பால் வரும் ஏற்றம் இன்னொரு வகை. நிறுவனத்தின் மதிப்பில் இவை ஒரு ரூபாய்கூடச் சேர்ப்பதில்லை. 2021 அக்டோபரில் ஸ்பிளிட் தேதிக்கு முன் ஐ.ஆர்.சி.டி.சி பங்கு வெறியோடு ஓடியது. அக்டோபர் 19 அன்று ₹6,000ஐத் தாண்டி, நிறுவனத்தின் சந்தை மதிப்பு ஒரு லட்சம் கோடியைத் தொட்டது. அன்று மாலைக்குள்ளேயே கடுமையாகச் சரிந்தும் விட்டது. நல்ல நிறுவனமாக இருந்தும் உச்சியில் வாங்கியவர்களைக் காப்பாற்றவில்லை.

அந்தப் பங்குக்கு ஃப்யூச்சர்ஸ் இருந்தால் ஓப்பன் இன்ட்ரெஸ்டையும் (இன்னும் முடிக்கப்படாமல் நிற்கும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கை) பாருங்கள். விலையும் அதுவும் சேர்ந்து ஏறினால் புதுப் பணம் வருகிறது. விலை ஏறும்போது ஓப்பன் இன்ட்ரெஸ்ட் இறங்கினால், முன்பு விற்றுவைத்தவர்கள் பயந்து திரும்ப வாங்குகிறார்கள், அதாவது ஷார்ட் கவரிங். அவர்கள் வாங்கி முடித்ததும் அடுத்து வாங்க ஆள் இருக்கமாட்டார். நிஃப்டி போன்ற குறியீட்டில் ஒரு பங்கைச் சேர்ப்பதால் வரும் ஏற்றமும் இப்படித்தான். அந்தக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டுகள் பெரும்பாலும் மாற்றம் நடைமுறைக்கு வரும் முந்தைய நாள் கடைசி நேரத்தில் வாங்கி முடித்துவிடும். அதற்கடுத்த காலையில் நீங்கள் வாங்கினால், முன்கூட்டியே வாங்கி வைத்தவருக்கு லாபத்தை எடுத்துக் கொடுப்பவர் நீங்கள்.

காரணமே இல்லாத ஏற்றமும் உண்டு. விலை அசாதாரணமாக நகர்ந்தால் சந்தை நிர்வாகம் நிறுவனத்திடம் விளக்கம் கேட்கும். "வெளியிடாத தகவல் எதுவும் எங்களிடம் இல்லை" என்று நிறுவனம் எழுதிய பதிலும் அதே அறிவிப்புப் பக்கத்தில் இருக்கும். பெரிய நிறுவனம் என்றால் இன்னொரு வசதி இருக்கிறது. சந்தை மதிப்பில் முதல் 250 இடங்களில் உள்ள நிறுவனங்கள், விலையைக் கணிசமாக அசைத்த ஊடக வதந்தியை 24 மணி நேரத்துக்குள் உறுதிசெய்யவோ மறுக்கவோ வேண்டும். 2024 டிசம்பர் முதல் இந்த விதி 250 வரை விரிந்திருக்கிறது. எனவே பெரிய நிறுவனத்தைப் பற்றி டெலிகிராமில் வந்த "பக்காத் தகவலுக்கு" ஒருநாள் பொறுத்தால் பதில் தானே வந்துசேரும்.

டிப்ஸ் கொடுப்பவரிடம் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். ரிசர்ச் அனலிஸ்ட் என்றால் ஐ.என்.எச் என்றும், முதலீட்டு ஆலோசகர் என்றால் ஐ.என்.ஏ என்றும் தொடங்கும். செபி தளத்தில் அதைப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். எண்ணைச் சொல்ல மறுக்கும் குழுவிலிருந்து வெளியேற அதுகூடத் தேவையில்லை.

இரண்டாவது: வெளியேறும் கதவு எவ்வளவு அகலம்?

நுழைவதைப் பற்றி ஊரே பேசும். வெளியேறுவதைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காது. மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

சர்க்யூட், அதாவது ஒரு நாளில் விலை ஏறவோ இறங்கவோ உள்ள வரம்பு, எத்தனை சதவீதம்? 2, 5, 10, 20 என்று பங்குக்குப் பங்கு வேறுபடும். ஃப்யூச்சர்ஸ் உள்ள பங்குகளுக்கு நிலையான சர்க்யூட் கிடையாது, 10 சதவீதத்தில் தொடங்கித் தேவைக்கேற்ப வரம்பு நகரும். 5 சதவீத சர்க்யூட் பங்கு ஏறும்போது தினமும் அப்பர் சர்க்யூட்டில் பூட்டிக்கொள்ளும். திரையில் வாங்குபவர் வரிசை மட்டும் தெரியும், விற்பவர் பக்கம் காலியாக இருக்கும். அதைப் பார்த்தாலே கை பரபரக்கும். இறங்கும்போது அதே காட்சி தலைகீழாக வரும். தொடர்ந்து ஐந்து நாள் லோயர் சர்க்யூட் என்றால் ₹100 சுமார் ₹77 ஆகிவிடும். அந்த ஐந்து நாளும் உங்கள் விற்பனை ஆர்டர் வரிசையில் நிற்கும், விற்காது. 6 சதவீதத்தில் வெளியேறலாம் என்று போட்ட திட்டம் 23 சதவீத நஷ்டத்தில் முடியும்.

கண்காணிப்புப் பட்டியலில் இருக்கிறதா? ஏ.எஸ்.எம் அல்லது ஜி.எஸ்.எம் என்ற குறி இருந்தால் மார்ஜின் (வாங்கும்போது கையிலிருந்து கட்டவேண்டிய பணம்) 100 சதவீதமாகலாம், சர்க்யூட் 5க்குச் சுருங்கலாம், டிரேட்-டு-டிரேடுக்கு மாற்றப்படலாம். டிரேட்-டு-டிரேடில் வாங்கிய அன்றே விற்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் பங்கு பட்டியலில் சேரும் அன்று ஓட்டம் பல நேரம் நின்றுவிடும், ஏனென்றால் அதை ஓட்டிக்கொண்டிருந்ததே மார்ஜின் மட்டும் கட்டி, மீதியைக் கடனில் வாங்கியவர்கள். மூன்று வாரத்தில் சர்க்யூட் 20லிருந்து 10, 10லிருந்து 5 என்று குறைந்திருந்தால் சந்தை நிர்வாகமே எச்சரிக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட பங்கை இந்த இடத்திலேயே விட்டுவிடலாம். கீழே உள்ள கணக்கைப் போடும் சிரமம்கூட வேண்டாம்.

மூன்றாவது, தினசரி வியாபாரம். கடந்த 20 நாள் சராசரி டர்ன்ஓவரை ரூபாயில் எடுங்கள். நீங்கள் போடப்போகும் தொகை அதில் அரை சதவீதத்தைத் தாண்டினால் அந்தப் பங்கு உங்களுக்குச் சின்னது. தினமும் ₹40 லட்சத்துக்குக் கைமாறும் பங்கில் ₹2 லட்சம் போட்டால், நீங்கள் விற்கும்போது விலையை இறக்குவதே நீங்கள்தான். என்.எஸ்.இ தினமும் வெளியிடும் பாவ்காப்பி கோப்பில் டெலிவரி சதவீதமும் இருக்கும். வால்யூம் (கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை) ஐந்து மடங்காகி, டெலிவரி 55லிருந்து 15க்கு விழுந்திருந்தால், அன்றைய கூட்டத்தில் பெரும்பாலோர் மாலைக்குள் கைகழுவிவிட்டுப் போனவர்கள். பல்க் டீல் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள். நிறுவனத்தின் பங்குகளில் 0.5 சதவீதத்துக்கு மேல் வாங்கிய அல்லது விற்ற பெயர் அன்று மாலையே அதில் வரும். ஏற்றத்தின் நடுவில் பெரிய கை விற்கிறது என்றால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும்.

மூன்றாவது: ஸ்டாப் எங்கே, அதிலிருந்து எத்தனை பங்கு

முழு முடிவும் இங்கேதான் இருக்கிறது. அதனால் ஒரு கற்பனைப் பங்கை எடுத்து நிதானமாகப் போடுவோம்.

ஒரு பங்கு ஆறு வாரம் ₹340க்கும் ₹360க்கும் நடுவில் கிடந்தது. பிறகு வால்யூமோடு மேலே உடைத்து ₹398 போனது, ₹388க்கு இறங்கி மூச்சுவிட்டது, இப்போது ₹412. ஒன்றரை வருடத்துக்கு முன்பு தொட்டுத் திரும்பிய உச்சி ₹460. அங்கே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் அசல் வந்தால் போதும் என்று விற்பார்கள். ஆகவே டார்கெட் ₹460. ₹500, ₹600 என்று கனவு காண ஆதாரம் எதுவும் இல்லை.

ஸ்டாப், அதாவது நஷ்டத்தோடு நிறுத்திக்கொண்டு வெளியேறும் விலை, எங்கே? கடைசியாக மூச்சுவிட்ட ₹388க்குக் கீழே விலை போனால் ஏற்றத்தின் அமைப்பே உடைந்துவிட்டது. ஆகவே ₹386. இதை ஏ.டி.ஆரோடு ஒப்பிடுங்கள். ஒரு நாளில் விலை சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்பதைச் சொல்லும் அளவு அது. 14 நாள் ஏ.டி.ஆர் என்று சார்ட்டில் தட்டினால் வந்துவிடும். இந்தப் பங்குக்கு ₹13 என்று வைத்துக்கொள்வோம். ₹412க்கும் ₹386க்கும் வித்தியாசம் ₹26, அதாவது இரண்டு ஏ.டி.ஆர். சாதாரண ஆட்டத்தில் அடிபடாத தூரம்.

கையில் உள்ள மொத்த முதல் ₹3,00,000. ஒரு வியாபாரத்தில் தோற்றால் இழக்கத் தயாராக இருப்பது அதில் 1 சதவீதம், ₹3,000. அதை 26ஆல் வகுத்தால் 115 பங்கு. போடும் தொகை ₹47,380. ஜெயித்தால் பங்குக்கு ₹48, தோற்றால் ₹26. விகிதம் 1.85.

நான்கு நாள் யோசித்துவிட்டு வருகிறீர்கள். விலை ₹438. ஸ்டாப் இருக்கவேண்டிய இடம் மாறவில்லை, ₹386தான். இப்போது தோற்றால் ₹52, ஜெயித்தால் ₹22. விகிதம் 0.42. நஷ்டமில்லாமல் இருக்கவே 10க்கு 7 முறை ஜெயிக்கவேண்டும். பங்கு அதே பங்கு, செய்தியும் அதே செய்தி. துரத்தலாமா என்பதற்கு ₹412ல் இருந்த பதில் வேறு, ₹438ல் இருக்கும் பதில் வேறு.

இங்கே பலர் செய்யும் தந்திரம், ஸ்டாப்பை மேலே தூக்கி ₹425ல் வைப்பது. தாளில் விகிதம் மறுபடியும் அழகாகிவிடும். ஆனால் ஏற்றத்தில் ஏ.டி.ஆரும் ₹15 ஆகியிருக்கும், ₹13 தூரத்தில் வைத்த ஸ்டாப்பை ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையே அடித்துவிட்டுப் போகும். பிறகு பங்கு ஏறினால் "ஸ்டாப் வைத்ததால்தான் நஷ்டம்" என்று முடிவுக்கு வந்து, அடுத்த முறை ஸ்டாப்பே வைக்காமல் வாங்குவார்கள். அந்த அடுத்த முறைதான் கணக்கைக் காலி செய்யும்.

ஆகவே முந்தின இரவே உச்சவிலையை, அதாவது அதிகபட்சம் எந்த விலைவரை வாங்குவீர்கள் என்பதை, கணக்கிட்டு எழுதிவையுங்கள். குறைந்தது 1.5 விகிதம் வேண்டும் என்றால்: ஸ்டாப்பை 1.5ஆல் பெருக்கி, டார்கெட்டைக் கூட்டி, 2.5ஆல் வகுக்கவேண்டும். இங்கே 386 × 1.5 = 579; அதோடு 460 சேர்த்தால் 1,039; 2.5ஆல் வகுத்தால் ₹415.60. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடத் தரவேண்டியதில்லை.

20 நாள் சராசரி விலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். சராசரி ₹378 என்றால் ₹412 என்பது 34 ரூபாய் மேலே, சுமார் 2.6 ஏ.டி.ஆர். மூன்றைத் தாண்டினால் பாதி எண்ணிக்கை போதும், நான்கைத் தாண்டினால் வேண்டாம். இது சந்தையில் எழுதிவைத்த சட்டம் இல்லை, ஆனால் கடைசி ஓட்டத்தில் ஏறிக்கொள்வதைப் பெரும்பாலும் தடுக்கும்.

ஒரே துறையில் மூன்று பங்கு ஓடுகிறதென்று மூன்றையும் வாங்கினால் அது மூன்று வியாபாரம் ஆகாது. ஒரு கெட்ட செய்தி வந்தால் மூன்றும் சேர்ந்தே விழும். ₹3,000 இடரை மூன்றுக்கும் பிரித்துக்கொள்ளுங்கள்.

செலவும் வரியும் கழித்தால் மிஞ்சுவது

115 பங்கை வாங்கி விற்க ஆகும் செலவு: பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்.டி.டி இரண்டு பக்கமும் 0.1 சதவீதம், வாங்கும்போது முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம், சந்தைக் கட்டணம், ஆர்டருக்கு ₹20 புரோக்கரேஜ் என்றால் ₹40, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி, விற்கும்போது டிமேட் (பங்குகளை வைத்திருக்கும் மின்னணுக் கணக்கு) கட்டணம் ஒரு பதினைந்து, இருபது ரூபாய். எல்லாம் சேர்த்து ₹165 முதல் ₹180 வரை. 12 மாதத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். 2024 ஜூலை 23க்கு முன் இது 15ஆக இருந்தது. பழைய கணக்கை வைத்துக்கொண்டு இன்னும் எழுதுபவர்கள் இருக்கிறார்கள்.

ஜெயித்தால் ₹5,520 கிடைத்து, கையில் நிற்பது சுமார் ₹4,200. தோற்றால் செலவோடு சேர்த்துப் போவது சுமார் ₹3,155. 1.85 என்று தெரிந்த விகிதம் 1.33 ஆகிவிட்டது. 100க்கு 35 முறை ஜெயித்தால் லாபநஷ்டம் சமம் என்பது 43 முறை ஆகிவிட்டது. குறுகியகால நஷ்டத்தை வேறு பங்கு லாபத்தில் கழிக்கலாம், காலக்கெடுவுக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் எட்டு வருடம் முன்னெடுத்துச் செல்லலாம். அந்த வசதியைப் பயன்படுத்துபவர்களுக்கு வித்தியாசம் கொஞ்சம் குறையும். இன்ட்ராடே நஷ்டத்துக்கு இந்தச் சலுகை இல்லை. அது ஊக வணிக நஷ்டம், ஊக வணிக லாபத்தில் மட்டும்தான் கழியும், நான்கு வருடம்தான் தாங்கும்.

காலை 9:15, நீங்கள் லோக்கலில்

சந்தை திறக்கும் நேரமும் அலுவலகம் போகும் நேரமும் மும்பையில் மோதிக்கொள்கின்றன. முலுண்டிலிருந்து சி.எஸ்.எம்.டி போகிறவர் குர்லா கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மார்க்கெட் ஆர்டர் (கிடைக்கிற விலைக்கு வாங்கும் ஆர்டர்) போடுவதைத் தினமும் பார்க்கலாம். முதல் அரை மணி நேரம்தான் துரத்துபவர்களுக்கு அதிகம் செலவு வைக்கும் நேரம். ராத்திரிச் செய்தியைப் படித்தவர்கள் எல்லோரும் ஒரே வாசலில் நிற்பார்கள்.

வாங்குபவர், விற்பவர் வரிசையைக் காட்டும் டெப்த் திரையைப் பாருங்கள். 9:16க்கு விற்பவர் பக்கம் இப்படி இருக்கலாம்: ₹412.40ல் 85 பங்கு, ₹413.10ல் 210, ₹414.95ல் 600. நீங்கள் 500க்கு மார்க்கெட் ஆர்டர் போட்டால் முதல் இரண்டு வரிசையையும் காலி செய்து மூன்றாவதில் 205 எடுப்பீர்கள். சராசரி ₹413.74. திரையில் தெரிந்த விலையைவிட ₹1.34 அதிகம். சின்னப் பங்கில் இந்த வித்தியாசம் ஒரு சதவீதத்தைத் தாண்டும்.

எனவே முந்தின இரவே, இதற்கு மேல் வாங்காதே என்ற லிமிட் விலையோடு ஏ.எம்.ஓ (சந்தை மூடிய பிறகு போடும் ஆர்டர்) போட்டுவிடுங்கள், அல்லது அலுவலகம் போய் உட்கார்ந்து 10 மணிக்குமேல் லிமிட் ஆர்டர் போடுங்கள். எழுதிவைத்த உச்சவிலைக்கு மேலே தாவி, அதாவது கேப் அப் ஆகித் திறந்தால் ஆர்டர் நிறைவேறாது. அதற்காகத்தான் அந்த விலை. வாங்கமுடியாமல் போன பங்கு ₹460 போய்விட்டால் வயிறு எரியும், பணம் போகாது.

நிறுவனத்தின் போர்டு மீட்டிங் தேதியையும் ஆர்டருக்கு முன் பாருங்கள். காலாண்டு முடிவு, பட்ஜெட், ரிசர்வ் வங்கிக் கொள்கை, தேர்தல் வாக்கு எண்ணிக்கை என்று தேதி தெரிந்த நிகழ்வுக்கு முந்தைய நாள் துரத்துவது தனி வகை ஆபத்து. 2024 ஜூன் 3 அன்று வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்புகளை நம்பி நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறி 23,263.90ல் முடிந்தது. மறுநாள் வாக்கு எண்ணிக்கையில் கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்து 21,884.50. ஜூன் 7 அன்று மறுபடியும் 23,290. சொந்தப் பணத்தில் வாங்கியவர் நான்கு நாள் தூக்கம் கெட்டுப் பிழைத்தார். மார்ஜினில் வாங்கியவரை இரண்டாம் நாளே வெளியே தள்ளியிருப்பார்கள். கணிப்பு இருவருக்கும் ஒன்றுதான்.

ஸ்டாப் லாஸ் போட்டும் விற்காமல் போவது ஏன்?

சாதாரண ஸ்டாப் லாஸ் ஆர்டர் அன்று 3:30க்குச் செத்துவிடும். திங்கள் போட்டதை நம்பி வியாழன்வரை இருப்பவர்கள் நிறையப் பேர். பல நாளுக்கு வேண்டும் என்றால் ஜி.டி.டி போடவேண்டும். அது புரோக்கரின் கணினியில் காத்திருந்து, டிரிகர் விலை வந்ததும் சந்தைக்கு லிமிட் ஆர்டரை அனுப்பும்.

டிரிகர் ₹386, லிமிட்டும் ₹386 என்று போட்டால், வேகமாக விழும்போது விலை உங்களைத் தாண்டிப் போய்விடும். லிமிட்டை ₹381, ₹382 அளவில் வையுங்கள். ₹370ல் கேப் டவுன் ஆகித் திறந்தால் அதுவும் உதவாது. ஆர்டர் ₹382ல் தொங்கிக்கொண்டிருக்கும். அன்று காலை நீங்களே கையால் விற்கவேண்டும். திரும்பி வரட்டும் என்று காத்திருப்பது புது வியாபாரம், பழைய திட்டத்தில் அது இல்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. புரோக்கரிடம் டி.டி.பி.ஐ (நீங்கள் விற்கும் பங்கை எடுக்க அவருக்கு ஒரேயடியாகத் தரும் அனுமதி) கையெழுத்திடவில்லை என்றால், டிமேட்டில் உள்ள பங்கை விற்க டி-பின், ஓ.டி.பி போட்டு அனுமதி தரவேண்டும். ஜி.டி.டி டிரிகர் ஆகும் நேரத்தில் அந்த அனுமதி இல்லாவிட்டால் விற்பனை ஆர்டர் நிராகரிக்கப்படலாம். நீங்கள் மீட்டிங்கில் இருப்பீர்கள், மதியம் பார்த்தால் ரிஜெக்டட் என்று சிவப்பில் நிற்கும். துரத்துவதற்கு முன்பே டி.டி.பி.ஐ முடித்துவிடுங்கள்.

வாங்கிய பங்கு மறுநாள்தான் டிமேட்டுக்கு வரும். அதற்குள் விற்றால், உங்களுக்கு விற்றவர் பங்கைக் கொடுக்கத் தவறினால் உங்கள் விற்பனை ஏலத்துக்குப் போய் அபராதம் விழலாம். டர்ன்ஓவர் குறைந்த, சர்க்யூட்டில் நிற்கும் பங்குகளில் இந்த ஆபத்து அதிகம்.

வெள்ளி, தங்கம் ஈ.டி.எஃப் ஓடும்போது

மும்பையின் நகைச் சந்தையான ஜவேரி பஜாரில் வெள்ளி விலை பேச்சானால், அன்றே ஈ.டி.எஃப் (உலோகத்தை வைத்துக்கொண்டு, பங்குபோலச் சந்தையில் கைமாறும் ஃபண்டு) பக்கமும் கூட்டம் வரும். மேலே சொன்ன கணக்கு இங்கேயும் பொருந்தும். அதோடு கூடுதலாக ஒன்றைப் பார்த்தே ஆகவேண்டும். சந்தை விலைக்கும் ஐ-என்.ஏ.விக்கும் உள்ள வித்தியாசம். ஈ.டி.எஃப்பிடம் உள்ள உலோகத்தின் அந்த நேர மதிப்புதான் ஐ-என்.ஏ.வி, ஃபண்டு நிறுவனத் தளத்திலேயே கிடைக்கும். சந்தை விலையிலிருந்து அதைக் கழித்து, மீதியை ஐ-என்.ஏ.வியால் வகுத்துச் சதவீதமாக்குங்கள். ஒரு சதவீதம்வரை பொறுக்கலாம். 2025 அக்டோபரில் உலோகத் தட்டுப்பாடும் தீபாவளித் தேவையும் சேர்ந்து வெள்ளி ஈ.டி.எஃப்கள் அதைவிட வெகு உயர்வான பிரீமியத்தில் கைமாறின. பல ஃபண்டு நிறுவனங்கள் வெள்ளி ஃபண்ட் ஆஃப் ஃபண்டில் (அந்த ஈ.டி.எஃப்பிலேயே முதலீடு செய்யும் ஃபண்டு) மொத்தமாகப் பணம் போடுவதையே தற்காலிகமாக நிறுத்தின. விற்பவரே பணம் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு விலை கோணிக்கொண்டிருந்தது. வெள்ளி அசையாமல் நின்றிருந்தால்கூட, பிரீமியம் வடிந்ததில் மட்டுமே அன்று வாங்கியவர் நஷ்டப்பட்டிருப்பார்.

வெள்ளி அசையாமல் நிற்கவும் இல்லை. அக்டோபர் 21 அன்று உலகச் சந்தையில் தங்கம் ஒரே நாளில் 5 சதவீதத்துக்கு மேல் விழுந்தது, வெள்ளி அதைவிடவும். நமது பங்குச் சந்தை அன்று முகூர்த்த வர்த்தகத்துக்காக ஒரு மணி நேரம் மட்டும் திறந்தது, மறுநாள் பலிபிரதிபதா விடுமுறை. ஈ.டி.எஃப்பில் இருந்தவர் 23ஆம் தேதிவரை கையைக் கட்டிக்கொண்டுதான் இருக்கவேண்டும். பண்டிகை இல்லாத நாளிலும் இந்தச் சிக்கல் உண்டு. உலகச் சந்தையில் வெள்ளியின் பெரிய அசைவுகள் அமெரிக்க நேரத்தில், அதாவது நம் இரவில் நடக்கும். ஈ.டி.எஃப் 3:30க்கு மூடிவிடும். ஆகவே ஈ.டி.எஃப்பில் ஸ்டாப் என்பது பெரும்பாலும் மறுநாள் காலை கேப்பில்தான் நிறைவேறும். எண்ணிக்கையைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

உலோக ஃப்யூச்சர்ஸ் நடக்கும் எம்.சி.எக்ஸ் சந்தை இரவு வரை திறந்திருக்கிறதே, அங்கே போகலாமே என்றால் லாட் அளவை, அதாவது ஒரு ஒப்பந்தத்தின் அளவை, பாருங்கள். வெள்ளி 30 கிலோ, மினி 5 கிலோ, மைக்ரோ 1 கிலோ. கிலோ ₹1,50,000 என்று வைத்துக்கொண்டால் ஒரு மினி லாட் ₹7.5 லட்சம், 4 சதவீத அசைவு ₹30,000. ₹3,000 இடர் வைத்திருப்பவருக்கு மைக்ரோகூடப் பெரிது. விலை தறிகெட்டு ஓடும்போது எக்ஸ்சேஞ்சுகள் மார்ஜினை உயர்த்தும் என்பதையும் மறக்கவேண்டாம். 2011 ஏப்ரல் கடைசியில் வெள்ளி அவுன்ஸுக்கு 49 டாலரை நெருங்கியபோது அமெரிக்காவில் மார்ஜினை அடுத்தடுத்து உயர்த்தினார்கள். மே முதல் வாரத்திலேயே விலை 36 டாலருக்குக் கீழே இறங்கியது. அதன் பிறகும் வைத்திருக்க விரும்பியவர்கள் இருந்தார்கள், மார்ஜின் கட்டப் பணம் இல்லை.

உலக விலை மாறாமலேயே உள்நாட்டு விலை விழுவதும் உண்டு. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் தங்கம், வெள்ளி மீதான இறக்குமதி வரியை 15லிருந்து 6 சதவீதமாகக் குறைத்த அன்று அதுதான் நடந்தது.

சந்தைக்கு வெளியே விலை மீது பந்தயம் கட்டும் டப்பா வியாபாரம் பற்றி ஒரே வரி: அது சட்டவிரோதம், ஜெயித்த பணத்தைக் கொடுக்காவிட்டால் புகார் செய்யக்கூட வழி கிடையாது.

வாங்கியாயிற்று, இனி?

பங்கு ₹412லிருந்து ₹438 வந்தால், அதாவது இடர் வைத்த அளவு லாபம் வந்தால், பாதியை விற்று மீதிக்கு ஸ்டாப்பை ₹412க்குத் தூக்குங்கள். மேலே இன்னும் போனால் முந்தைய இரண்டு நாளின் தாழ்ந்த விலைக்குச் சற்றுக் கீழே ஸ்டாப்பை நகர்த்திக்கொண்டே வாருங்கள். கீழ்நோக்கி மட்டும் ஒருபோதும் நகர்த்தக் கூடாது. பாதியை விற்பதால் பெரிய ஓட்டத்தில் லாபம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் துரத்தி வாங்கிய பங்கில் பெரிய ஓட்டம் அபூர்வம், திரும்பி வருவது சகஜம்.

விலை எங்கும் போகாமல் நின்றால்? எட்டு வர்த்தக நாளில் ₹412க்கும் ₹420க்கும் நடுவிலேயே உலாத்தினால் விற்றுவிடுங்கள். வேகத்துக்காக வாங்கியது வேகம் இல்லாவிட்டால் வைத்திருக்கக் காரணம் இல்லை. "நல்ல கம்பெனிதானே, நீண்டகாலத்துக்கு வைத்துக்கொள்வோம்" என்ற எண்ணம் தோன்றும் நேரமும் இதுதான். நீண்டகாலத்துக்கு வாங்கவேண்டிய பங்கு என்றால் அதற்கான ஆண்டறிக்கை, கடன், வருமானக் கணக்கு எல்லாம் தனியாகப் பார்த்து, தனியாக வாங்கவேண்டும். நஷ்டத்தில் மாட்டிய துரத்தலுக்கு அது புதுப்பெயர் ஆகக் கூடாது.

ஸ்டாப் அடித்த பங்கு மறுபடியும் ₹412க்கு மேலே ஏறினால் திரும்ப வாங்கலாம், ஒரு முறை. எண்ணிக்கை, உச்சவிலை, ஸ்டாப் மூன்றையும் புதிதாகக் கணக்கிட்டு மட்டும்.

ஒவ்வொரு வியாபாரத்துக்கும் ஒரு வரி பதிவு வையுங்கள்: தேதி, காரணம், வாங்கிய விலை, எழுதிவைத்த உச்சவிலை, ஸ்டாப், விற்ற விலை. வாங்காமல் விட்டதையும் அதே தாளில் எழுதவேண்டும், மூன்று வாரம் கழித்து அதன் விலையோடு. முப்பது வரி சேர்ந்ததும், உச்சவிலையைத் தாண்டி வாங்கியவற்றை மட்டும் தனியாகக் கூட்டிப் பாருங்கள்.